அது தவில் அல்ல, மிருதங்கம்

எங்கள் அடுக்ககக் குழுவில் வெள்ளிக்கிழமை வந்த செய்தியைத்தான் எல்லோரும் பார்த்துவிட்டீர்களே. 'விடிந்தும் விடியாததுமாகத் தவில் சத்தம்.' அதற்குக் கீழே பதினோரு கும்பிடு வேறு.

ஐயா, அது தவில் அல்ல. தவிலுக்கு ஒரு பக்கம் குச்சி, மறுபக்கம் விரல்களில் கூடு. ஒரே ஒரு நாள் அதை இந்தக் கட்டடத்துக்குள் வாசிக்கச் சொன்னால் மிருதங்கத்தின் அருமை தெரியும்.

என் பெண்ணுக்கு ஒன்பது வயது. வாசிப்பது ஆறே முக்காலிலிருந்து ஏழரை வரை. 'அதுதான் வகுப்புக்குப் போகிறாளே, அங்கே வாசித்தால் போதாதா?' போதாது. வகுப்பு வாரத்துக்கு இரண்டு நாள், முக்கால் முக்கால் மணி நேரம். பாடம் அங்கே, கை பழகுவது வீட்டில். த, தி, தொம், நம் என்று நான்கே சொற்கள்தான். அவை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், பிசகாமல் விழுவதற்கு மாதக்கணக்கில் வீட்டில் உட்கார வேண்டும். கேட்க அலுப்பாகத்தான் இருக்கும். எனக்கும் அலுக்கிறது. இருந்தும் பக்கத்தில் உட்கார்ந்து ஆதி தாளம் போடுகிறேன். மூன்றாம் காலத்தில் என் தாளம் ஓடத் தொடங்கும். அவள் வாசிப்பதை நிறுத்தாமல் என் கையை ஒரு பார்வை பார்ப்பாள்.

அதற்கு முன்னால் ரவை. இரண்டு ஸ்பூன் ரவையில் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, தொப்பியின், அதாவது மிருதங்கத்தின் இடது பக்கத் தோலின், நடுவில் வட்டமாக அப்ப வேண்டும். தட்டிப் பார்ப்பாள், கொஞ்சம் கிள்ளி எடுப்பாள், மறுபடி தட்டுவாள். 'தொம்' கனத்து வந்தால்தான் திருப்தி. முடிந்ததும் சுரண்டி எடுத்துத் துடைப்பது என் வேலை. எங்கள் வீட்டில் உப்புமாவுக்கு ரவை மிஞ்சுவதில்லை.

மேல்மாடியில் பெரியவர் உடம்பு சரியில்லாமல் இருக்கிறார் என்கிறீர்கள். நியாயம். அவர் வீட்டில் நேரில் கேட்டிருக்கிறேன். ஜன்னலைச் சாத்தச் சொன்னார்கள், சாத்துகிறேன். இரவு வேலை முடித்துத் தூங்குகிறவர்களுக்கு? அவர்களில் ஒருவர் குளியலறைக்கு ஓடு மாற்றிய இரண்டு மாதமும் துளைப்பான் சத்தத்தில் நாங்கள் தூங்கினோமா என்று யாராவது கேட்டீர்களா? மார்கழியில் சபா சபாவாக ஏறி இறங்கி, மிருதங்கம் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கான்டீனுக்கு எழுந்து போகிறவர்களும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள். மேடையில் வாசிக்கிறவரும் ஒரு காலத்தில் யாரோ ஒருவரின் பக்கத்து வீட்டுப் பிள்ளைதான்.

'பெண் குழந்தைதானே, வீணை கற்றுக்கொடுக்கலாமே' என்று ஓர் அம்மா தனியாக எழுதியிருந்தார். திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் போன நூற்றாண்டிலேயே மிருதங்கத்தோடு மேடையேறிவிட்டார் அம்மா. நாம்தான் இன்னும் கீழேயே நிற்கிறோம்.

இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்பீர்கள். எனக்குப் பதினோரு வயதில் அப்பா ஒரு பழைய மிருதங்கம் வாங்கிக் கொடுத்தார். கும்பகோணத்தில் ஒண்டுக்குடித்தனம். வீட்டுக்காரர் ஒரே ஒரு முறைதான் சொன்னார், அதுவும் சிரித்துக்கொண்டே. அன்று மாலையே அப்பா அதைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டார். 'பரீட்சை முடியட்டும்' என்றார். எந்தப் பரீட்சை என்று நானும் கேட்கவில்லை. வீடு மாறும்போது இறக்கிப் பார்த்தால் வாரை எலி கடித்திருந்தது. அப்பா மேல் குறையில்லை. வாடகை வீட்டில் இருந்தவர் வேறு என்ன செய்வார்? நான் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறேன், இந்த வீட்டுக்கு இன்னும் பதினான்கு வருடம் தவணை இருக்கிறது. நானும் அதையே செய்ய வேண்டுமா?

குழுவில் வந்ததை அவளிடம் நாங்கள் சொல்லவில்லை. கீழே விளையாடப் போனபோது யாரோ சொல்லியிருக்கிறார்கள். சனிக்கிழமை காலை ரவைக் கிண்ணத்தோடு போனேன். "ரவை வேண்டாம்பா" என்றாள். மடியில் தலையணையை வைத்துக்கொண்டு அதன் மேல் வாசித்துக்கொண்டிருந்தாள். மூன்று காலமும் வாசித்தாள். ஒரு சத்தமும் இல்லை. உங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நாளை ஆறரைக்கு ரவை பிசையப் போகிறேன். மறுபடி புகார் எழுதுகிறவர்கள் 'மிருதங்கம்' என்றாவது சரியாக எழுதுங்கள்.