தக்கையைப் பார்க்கிறவனுக்கு எதற்குக் கார்பன்?

போன ஞாயிற்றுக்கிழமை என் மச்சான் புதுசாக வாங்கிய கார்பன் தூண்டிலுக்குத் திறப்பு விழா. எட்டாயிரம் ரூபாய், நரம்பு சுற்றுகிற ரீல் தனி. அவன், அவனுடைய ஒன்பது வயசுப் பையன், நான், மூன்று பேரும் ஹொஸ்கோட்டை தாண்டி ஒரு ஏரிக்குப் போனோம். வீடு பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்திலேயே இருக்க, ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்பீர்கள். 2016 மார்ச்சில் அந்த ஏரியில் மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்ததைப் பார்த்தவன் நான். அந்த நாற்றத்துக்குப் பிறகு அங்கே தூண்டிலோடு நிற்க மனசு வருவதில்லை. வெளியூர் ஏரி என்றாலும் நினைத்த இடத்தில் போட்டுவிட முடியாது; மீன் பிடிக்கும் உரிமை குத்தகையில் இருக்கும். குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தோம்.

நான் கொண்டுபோனது அப்பாவின் பழைய ஃபைபர் கிளாஸ் தூண்டில். சென்னை மூர் மார்க்கெட் எரிவதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1983-ல், மாமா ஒருவர் அங்கே வாங்கிவந்தது. மஞ்சள் நிறம் மங்கிப் பழுப்பாகிவிட்டது. நடுவில் பித்தளை மூட்டு. கழற்ற வேண்டுமென்றால் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுக்க வேண்டும். மச்சான் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன மாமா, கடப்பாரை மாதிரி இருக்கு" என்றான். அவன் சொன்னது நியாயம்தான். அவனுடையதைத் தூக்கினால் கையில் எதுவுமே இல்லாத மாதிரி இருக்கிறது.

அந்த வித்தியாசத்துக்குக் காரணம் உண்டு. கார்பன் இழை 1960-களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சிக் கூடத்தில் உருப்பட்டு, 70-களில் தூண்டில் கம்புக்கு வந்தது. கண்ணாடி இழையைவிட, அதாவது ஃபைபர் கிளாஸைவிட, சுமார் மூன்று மடங்கு விறைப்பு, எடையும் குறைவு. அதனால் கம்பை மெல்லிசாகச் செய்யலாம், மீன் லேசாக உரசினாலும் அதிர்வு கைக்கு வந்துவிடும். விற்பவர்கள் எல்லாம் பாடுகிற பாட்டு இதுதான்: "சென்சிட்டிவிட்டி சார், சென்சிட்டிவிட்டி!"

என் சண்டையே இங்கேதான். நாம் ஏரிக்கரையில் என்ன செய்கிறோம்? தக்கையைப் போட்டுவிட்டு அதையே வெறித்துப் பார்க்கிறோம். மீன் தொட்டதைச் சொல்வது தக்கை, பார்ப்பது கண். இதில் கைக்கு வருகிற அதிர்வை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பொய் இரை வீசி வீசி விரால் தேடுகிறவனுக்கும், தக்கையில்லாமல் ஈயக்குண்டு போட்டு அடியில் பிடிக்கிறவனுக்கும் அது வேண்டும். நாளெல்லாம் வீசுகிறவன் தோளுக்கு எடை குறைவதும் பெரிய விஷயம். புண்ணாக்கும் தவிடும் பிசைந்து உருட்டிப் போட்டுவிட்டு வேர்க்கடலை கொறிக்கிற நமக்கு அது தண்டச் செலவு.

இன்னொன்று. கரையில் கம்பை நட்டமாகத் தூக்கிக்கொண்டு நடந்த மச்சானைப் பார்த்து, குத்தகைக்காரரின் ஆள் "மேலே வயர் இதெ, நோடி சார்!" என்று கத்தினார். நிமிர்ந்தால் மின்கம்பி. கார்பனில் மின்சாரம் பாயும். இதைக் கடையில் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

பத்தரை மணிக்குக் கட்லா ஒன்று மாட்டியது. மேல்தண்ணீர் மீன், அதனால் தக்கைக்கு இரண்டடி கீழேதான் முள்ளைக் கட்டியிருந்தான். இரண்டு கிலோ இருக்கும். பத்து நிமிஷம் நன்றாகத்தான் விளையாடினான். கரைக்கு வந்ததும் வலைக்குக் காத்திராமல், கம்பைத் தோளுக்குப் பின்னால் சாய்த்து மீனைத் தூக்கப் பார்த்தான். 'டக்'. நுனியிலிருந்து ஒரு முழம் ஒடிந்து, தங்கூஸ் நரம்பில் தொங்கிக்கொண்டு மீனோடு போனது. குனிந்து தங்கூஸைக் கையால் சுற்றி இழுத்தான். முள் கழன்றுகொண்டது. நுனி மட்டும் கரைக்கு வந்தது.

அப்படிச் சாய்த்தால் பாரம் முழுக்க மெல்லிய நுனியில்தான் விழும். அதோடு, காலையில் கார்க் கதவு அந்த நுனியில் இடித்ததை நான் பார்த்தேன். கார்பன் அடி வாங்கினால் அப்போது ஒன்றும் தெரியாது, பாரம் ஏறும்போதுதான் காட்டும். அப்பாவின் கடப்பாரையை நாங்கள் சின்ன வயசில் கிரிக்கெட் ஸ்டம்பாகக்கூட நட்டிருக்கிறோம்.

உடனே "அந்தக் கால மூங்கில் மாதிரி வருமா" என்று ஆரம்பிக்காதீர்கள். மூங்கில் பூச்சி அரிக்கும், மீன் இழுத்த பக்கமே கோணி நிற்கும். ரீல் கிடையாது, பெரிய மீன் ஓடினால் நரம்பு அறுந்தது அறுந்ததுதான். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். அன்றைக்குப் பையன் கையில் இருந்தது கொல்லையில் வெட்டிய மூங்கில், முள்ளில் மண்புழு. கரையோரம் நான்கு ஜிலேபி மீன் பிடித்தான். எனக்கு ஒன்று. மச்சானுக்கு நடந்தது மேலே.

புதுசு வாங்கப் போகிறவர்கள் கடையில் ஃபைபர் கிளாஸ் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், மூலையிலிருந்துதான் எடுத்துத் தருவார். பையன்களிடம் கொடுக்கலாம், காரில் எறியலாம்.

மச்சான் நுனி மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான். ஒடிந்த பழைய நுனியை மாமியார் மாடியில் தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்.