ஏட்டில் மட்டுமே இருக்கும் 300 கோடி பாக்கி

இந்திய பட்ஜெட் ஆவணங்களில் பல பத்தாண்டுகளாக ஒரு வரி வந்துகொண்டிருந்தது: பிரிவினைக்கு முந்தைய கடனில் பாகிஸ்தான் தரவேண்டிய பங்கு, 300 கோடி ரூபாய். அந்த நாட்டின் மத்திய வங்கியான பாகிஸ்தான் ஸ்டேட் வங்கியின் ஐந்தொகையில் (சொத்து, பொறுப்புக் கணக்கில்) இதற்கு எதிர்க்கணக்கு இருக்கிறது. இந்திய ரிசர்வ் வங்கி தங்களிடம் ஒப்படைக்க வேண்டியவை என்று தங்க நாணயம், ஸ்டெர்லிங் பத்திரம், ரூபாய் நாணயம் எல்லாம் அதில் தனியாக எழுதியிருப்பார்கள்.

இவ்வளவுக்கும் 1947இல் இந்தக் கணக்கைப் பேசி முடித்தவர்கள் இருந்தார்கள். எச்.எம்.படேல், சௌத்ரி முகமது அலி என்ற இரண்டு அதிகாரிகள்தான் பாகப்பிரிவினை வேலையை முன்னின்று நடத்தினார்கள். பிரிக்கப்படாத இந்திய அரசின் கையிருப்பு ரொக்கம் ஏறக்குறைய 400 கோடி ரூபாய். பாகிஸ்தான் கேட்டது 100 கோடி, டிசம்பரில் ஒப்புக்கொண்டது 75 கோடி. கடன் முழுவதையும் இந்தியா ஏற்க, பாகிஸ்தான் தன் பங்கான பதினேழரை சதவீதத்தை 1952 முதல் 50 ஆண்டுத் தவணையில் இந்தியாவுக்குக் கட்ட வேண்டும். நடுவர் மன்றத்துக்குப் போகாமலே இது முடிந்தது. ரத்த ஆறு ஓடிக்கொண்டிருந்த மாதங்களில் நடந்த பேச்சுவார்த்தை இது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் காஷ்மீர் குறுக்கே வந்தது. 75 கோடியில் 20 கோடி ஏற்கெனவே போயிருந்தது, மீதி 55 கோடியை இந்தியா நிறுத்திவைத்தது. எதிரிக்குத் துப்பாக்கி வாங்கப் பணம் கொடுப்பதா என்ற கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் ஒப்புக்கொண்ட பணம் ஒப்புக்கொண்டதுதான். 1948 ஜனவரி 13இல் காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். அது டெல்லியின் மத அமைதிக்காக என்றே அவர் அறிவித்திருந்தார். பணத்தை நிறுத்தியது தவறு என்பதும் அவர் கருத்து. 15ஆம் தேதி அரசு பணத்தை விடுவித்தது. அன்று இந்தியா செய்தது சரி என்றே நான் இன்றும் சொல்வேன். அதே அளவுகோலில் பார்த்தால், பாகிஸ்தான் கடன் தவணையைக் கட்டாமல் விட்டது தவறு.

எனக்கு அதிகம் வலிப்பது இதைவிட அகதிகளின் வீடு, நிலக் கணக்குதான். இரு பக்கமும் அகதிகள் விட்டுவந்த சொத்துகளின் மதிப்பில் உள்ள வித்தியாசத்தை அரசுக்கு அரசு தீர்த்துக்கொள்ளலாம் என்றது இந்தியா. சொந்தக்காரர்களே விற்றுக்கொள்ளட்டும், மாற்றிக்கொள்ளட்டும் என்றது பாகிஸ்தான். லாகூரிலிருந்து உயிர் பிழைத்து ஓடிவந்தவர் திரும்பிப் போய் வீட்டை எப்படி விற்பார்? டெல்லியிலிருந்து கராச்சிக்குப் போனவருக்கும் அதே கதிதான். பேச்சு வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் 1954இல் இந்தியா தனிச் சட்டம் போட்டு தன் அகதிகளுக்குத் தானே இழப்பீடு கொடுத்தது. பலருக்குக் கிடைத்தது இழந்ததில் ஒரு பகுதி மட்டுமே.

தூதரகங்கள் முழு அளவில் இயங்கும் நாள் வந்தால், இரண்டு நிதி அமைச்சகங்களும் இந்திய ரிசர்வ் வங்கியும் பாகிஸ்தான் ஸ்டேட் வங்கியும் முதலில் இந்த ஏடுகளோடு உட்கார வேண்டும். காஷ்மீரையும் தண்ணீரையும் அந்த மேசைக்குக் கொண்டுவரக் கூடாது. ஒருவர் பாக்கியை மற்றவர் பாக்கியில் கழித்துவிட்டு, மிச்சத்தைக் கொடுக்கட்டும் அல்லது எழுத்துமூலம் தள்ளுபடி செய்யட்டும். அகதிகள் அன்று கொடுத்த சொத்துக் கோரிக்கை மனுக்களை அவர்களின் வாரிசுகள் பார்க்க இரண்டு நாடுகளும் திறந்துவிட வேண்டும். அதற்கு ஒப்பந்தம்கூடத் தேவையில்லை.