சும்மாதானே இருக்கே!

"லீவுக்குத்தானே வந்திருக்கே, சும்மாதானே இருக்கே?" இனி யாராவது என்னிடம் இப்படிக் கேட்டால் சண்டைக்குப் போய்விடுவேன். ஊருக்கு வந்து 27 நாள் ஆகிறது. ஒரு நாள்கூட நான் சும்மா இருக்கவில்லை. சும்மா இருக்கத்தான் ஐயா, 11 மாதம் காத்துக்கிடந்து வந்தேன்!

மஸ்கட்டில் ஆங்கில ஆசிரியை வேலை. எட்டு வருஷம் ஓடிவிட்டது. அங்கே ஞாயிறு முதல் வியாழன் வரை பள்ளி; வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை இங்கே எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து வீடியோ காலில் கூப்பிடும்போது நான் வகுப்பில் நின்றுகொண்டிருப்பேன். ஜனவரி 11 ஓமன் சுல்தான் ஹைதம் அரியணை ஏறிய நாள், அதற்கு விடுமுறை உண்டு. மூன்று, நான்கு நாள் கழித்து வரும் பொங்கலுக்கு எங்கள் பள்ளியில் விடுமுறை கிடையாது. பானை பொங்குகிற நேரம் அம்மா போனை அடுப்புக்கு நேராகப் பிடிப்பார். இங்கே காலை ஏழரை என்றால் அங்கே ஆறு மணி. பள்ளி வேனுக்காகத் தெருவில் நின்றபடி, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காமல் "பொங்கலோ பொங்கல்" சொல்லியிருக்கிறேன். எட்டு பொங்கலும் அப்படித்தான் போயின.

எனக்கு ஊரோடு ஒத்துப்போகிற லீவு ஒன்றே ஒன்றுதான். ஜூலை, ஆகஸ்டில் அங்கே வெயில் 45 டிகிரியைத் தொடும், பள்ளி மூடிவிடுவார்கள். இங்கேயோ ஜூன் 12-இல் மேட்டூர் திறந்திருந்தால் நான் வந்து இறங்கும்போது ஆற்றில் தண்ணீர் ஓடும், குறுவை நட்ட வயல் பச்சை பிடித்திருக்கும், ஆடிப்பெருக்கு வரும். வருஷத்தில் அந்த ஒரு பண்டிகைக்காவது ஊரில் இருக்க வேண்டும் என்றுதான் டிக்கெட் விலை உச்சத்தில் இருக்கிற நாளில் காசைக் கொட்டி வருகிறேன்.

வந்த மறுநாள் காலை ஆறரை மணிக்குப் பெரியம்மாவின் பேரன் நோட்டும் கையுமாக வாசலில் நிற்கிறான். "ஒரு மாசம் இருப்பேல்ல, இவனைச் சரளமா இங்கிலீஷ் பேச வச்சுட்டுப் போ." அந்த வாரக் கடைசியில் மூன்று பிள்ளைகள். அடுத்த வாரம் ஏழு. நடுவில் சித்தப்பாவின் பேங்க் வேலை, அத்தையின் பட்டா வேலை, யார் யாருடைய பாரமோ. எல்லாவற்றுக்கும் அதே வார்த்தைதான். சும்மாதானே இருக்கே! நடவை முடித்துக் கரையேறி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்ணிடம், "அப்படியே எங்க வயல்லயும் நட்டுட்டுப் போயிடு" என்று இந்த ஊரில் யாராவது கேட்பார்களா?

ஒரு மாதத்தில் சரளமாகப் பேச வைக்க வேண்டுமாம். என் வேலை என்னவென்று தெரிந்தால் இப்படிப் பேசுவார்களா? 'பல்' என்று சொல்லும்போது வருகிற 'ப' அரபியில் கிடையாது. 'பஸ்' என்பதில் வருகிற 'ப' மட்டும்தான் உண்டு. அதனால் அங்கே பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தின் இரண்டு எழுத்தும் ஒன்றாகவே வரும். வாய்க்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடிக்கச் சொல்வேன். முதல் ஒலிக்குக் காகிதம் நன்றாக ஆடும், இரண்டாவதற்கு அவ்வளவு ஆடாது. இந்த ஒன்றைப் பழக்கவே எனக்கு ஒரு பருவம் பிடிக்கிறது. இங்கே நம் பிள்ளைகள் இரண்டையும் வாயால் சொல்லிவிடுவார்கள். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் எழுதும்போதுதான் தடுமாறுவார்கள். எது எங்கே இடிக்கிறது என்று பார்த்துப் பார்த்துச் செய்கிற வேலை இது. போகிற போக்கில் ஊட்டிவிட முடியாது.

சரி, அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆடிப்பெருக்கையாவது விட்டுவைத்தார்களா? திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. காதோலை கருகமணியைத் தண்ணீரில் விட்டாயிற்று. அம்மா மஞ்சள் சரடை எடுத்து என் கழுத்துக்குக் கொண்டுவருகிறார். சரியாக அந்த நேரம் அண்ணி, அதாவது அந்தப் பையனின் அம்மா, கூட்டத்துக்குள் அவனை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார்.

"டேய், அத்தைகிட்ட இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை பேசிக்காட்டு. எல்லாரும் பாக்கட்டும்."

பையன் கையில் அவனுடைய குட்டிச் சப்பரத்தின் கயிறு. மற்ற பிள்ளைகள் தங்கள் சப்பரத்தைத் தடதடவென்று இழுத்துக்கொண்டு தெருமுனைக்கே போய்விட்டார்கள். அவன் கண் அங்கேயே இருந்தது. "மை நேம் இஸ்..." என்றான். அதற்கு மேல் வரவில்லை. கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே நின்றான், கண் கலங்கிவிட்டது. அண்ணி அவனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "மூணு வாரமாச் சொல்லிக்குடுத்தது இவ்வளவுதானா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் ஒரே பண்டிகையும் போயிற்று, அவனுடையதும் போயிற்று. எட்டு வயசுப் பிள்ளை அவன். ஆடி பதினெட்டில் சப்பரம் இழுக்காமல் வேறு எப்போது இழுப்பான்?

இன்னும் 12 நாள் இருக்கிறது. நாளைக் காலை அவன் வந்ததும் நோட்டை வாங்கி அலமாரியில் வைக்கப்போகிறேன். சப்பரத்தை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேருமாக ஆற்றங்கரைக்குப் போகிறோம். பெரியம்மா போன் செய்தால் எடுக்க மாட்டேன்.