கதியால் தள்ளும் அட்மின்

போன கிழமை என்னை மறுபடியும் ஊர்க் குழுமத்திலிருந்து தூக்கிவிட்டார்கள். இது மூன்றாவது தடவை. செய்த குற்றம் என்ன தெரியுமா? ஒரு கேள்வி கேட்டது. புதிதாகக் கட்டும் கலியாண மண்டபத்தின் மலசலகூடக் குழி, பக்கத்து வளவுக் கிணற்றிலிருந்து எத்தனை அடி தள்ளி வெட்டப்படுகிறது என்று கேட்டேன். யார் பெயரும் சொல்லவில்லை. யாரையும் திட்டவில்லை. ‘தயவுசெய்து’ என்றுகூடப் போட்டிருந்தேன்.

இருபது நிமிடத்தில் பதிவைக் காணவில்லை. ‘குழும விதிக்கு முரணானது’ என்று ஒரு வரி மட்டும் வந்தது. எந்த விதி ஐயா? அங்கே எழுதி வைத்திருப்பதே இரண்டு வரி: ஊரின் பெருமையைக் காப்போம், அன்பாகப் பழகுவோம். இதில் கிணறு எங்கே வருகிறது?

கிணறு என்பது எங்களுக்குச் சின்ன விசயமும் இல்லை. யாழ்ப்பாணத்தில் வருசம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைத் தண்ணியைத்தான் குடிக்கிறோம். மேலே விடுவதெல்லாம் வெடிப்புகளுக்குள்ளால் கீழே இறங்கும். தோட்டத்து உரமும் மலக்குழியும் சேர்ந்து எத்தனையோ கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது சனம் வீதிக்கு இறங்கியதை அதற்குள் மறந்துவிட்டோமா?

அட்மினுக்குக் கோல் எடுத்தேன். “தம்பி, ஊர்ப் பிரச்சினையை ஊருக்குள்ள கதைப்பம். பப்ளிக்கில வேண்டாம்” என்றார். இதைச் சொன்னவர் கனடாவில் இருக்கிறார்! ஊரைவிட்டுப் போய் முப்பது வருசம். மண்டபத்துக்குக் காசு போடுகிறவர் அவருடைய மச்சான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. கதியாலை, அதுதான் வேலித் தடியை, ராவோடு ராவாகப் பக்கத்து வளவுக்குள் அரை அடி தள்ளிப் போடும் பழைய வேலிச் சண்டைக்காரருக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்? அவர் காணியில் செய்ததை இவர் போனில் செய்கிறார்.

அதே குழுமத்தில், அதே கிழமை, மோட்டார் சைக்கிளில் ஒரு பொடியனோடு போன பிள்ளையின் போட்டோவைப் போட்டு ‘இது ஆற்ற மகள்?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். அது மூன்று நாள் அப்படியே கிடந்தது. கீழே நூற்றுக்கு மேலே கொமென்ட். அது அன்பாகப் பழகுவதில் சேர்த்தி போலும்.

இன்னொரு பகிடியும் இருக்கிறது. 2024 இல் இலங்கையில் இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தபோது, இதே அட்மின் பந்தி பந்தியாக எழுதினார். ஜனாதிபதி நியமிக்கும் ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு எது உண்மை எது பொய் என்று சொல்வதா, கருத்துச் சுதந்திரத்தின் குரல்வளையை நெரிக்கிறார்கள் என்று. நானும் லைக் போட்டேன். அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்தச் சட்டத்தில்கூட நீதிமன்றப் படி ஏற ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இவருடைய குழுமத்தில் ஏறுவதற்கு எந்தப் படி?

அதற்காக எதையும் அழிக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 2018 இல் கண்டி மாவட்டத்துத் திகனப் பக்கம் முஸ்லிம் சனத்தை அடித்து எரித்த நேரம், வெறுப்புப் பதிவுகள் எப்படிப் பரவின என்று பார்த்தோம். அதில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்கு பேஸ்புக் 2020 இல் மன்னிப்புக் கேட்டது. இரண்டு வருசம் கழித்து!

தூக்கப்பட்ட நாங்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து ‘தணிக்கை இல்லாத’ குழுமம் ஒன்றும் தொடங்கிப் பார்த்தோம். முதல் கிழமை நல்ல கதை. இரண்டாம் கிழமை சாதிப்பெயர் சொல்லி ஒருவன் தொடங்கினான். பெண்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். ஒரு மாதத்தில் மிஞ்சியது நாலு விசரர்களும் காசு இரட்டிப்பாகும் என்கிற விளம்பரமும். அதற்கும் நானே ஒரு அட்மின், வெட்கக்கேடு.

எங்கள் ஐயா சனசமூக நிலையத்தில் செயலாளராக இருந்தவர். அங்கேயும் வாய்ச்சண்டை வரும், கதிரை பறக்கும். ஆனால் ஒருவரை நிறுத்தினால் காரணம் கூட்டத்தின் அறிக்கையில் ஏறும். அடுத்த கூட்டத்தில் அதை வாசித்து, பிழை என்றால் திருத்துவார்கள். வருசம் ஒருக்கால் தலைவரையே மாற்றலாம். இப்போது எல்லாரும் ஆயுட்கால அட்மின்கள்.

ஒன்றரை மாதமாக வெங்காயத் தோட்டக்காரரின் சின்ன வைபர் குழுமம் ஒன்றில் இருக்கிறேன். நாற்பத்து மூன்று பேர். நேற்று அங்கேயும் என்னுடைய பதிவை அழித்துவிட்டார்கள். மண்டபக்காரரைக் ‘கள்ளன்’ என்று எழுதியிருந்தேன். அட்மின் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். எல்லாருக்கும் தெரிய எழுதினார்: “அண்ணை, ஆதாரம் இல்லாமல் கள்ளன் எண்டு எழுதேலாது, அதான் அழிச்சனான். குழி எத்தினை அடி எண்டு அளந்து போடுங்கோ.”

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரவு சாப்பாடுகூட இறங்கவில்லை. விடிய எழும்பி அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். 26 அடி. படத்தோடு போட்டேன். இந்த வரியை எழுதும் மட்டும் அது அங்கே இருக்கிறது.