ரங்கூன் கைமாறிய நாட்கள்: விட்டுப்போன ஒரு பெயர்

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பிடியிலிருந்த பர்மியத் தலைநகர் ரங்கூனை 1945 மே மாதம் பிரிட்டிஷ் படை "போரிட்டு மீட்டது" என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி மனதை உறுத்துகிறது. ரங்கூனுக்கு வடக்கே உள்ள பெகூ நகரில் ஜப்பானியர் கடுமையாக எதிர்த்தார்கள், முன்கூட்டியே பிடித்த மழையும் சேர்ந்து வடக்கிலிருந்து வந்த படையை நிறுத்தியது, உண்மைதான். ஆனால் ரங்கூனுக்குள் சண்டையே நடக்கவில்லை. ஏப்ரல் கடைசியிலேயே ஜப்பானியர் நகரைக் காலி செய்துவிட்டார்கள். சிறையிலிருந்த போர்க்கைதிகள் கூரைமேல் ஏறி, ஜப்பானியர் போய்விட்டார்கள் என்று பெரிய எழுத்தில் பெயின்ட் அடித்து, மேலே பறந்த விமானங்களுக்குத் தெரிவித்தார்கள். கடல்வழியாக வந்த பிரிட்டிஷ் தரப்பின் 26-வது இந்திய டிவிஷன் மே 3 அன்று நகருக்குள் நுழைந்தது.

நடுவில் அந்தச் சில நாட்கள் நகரை யார் பார்த்துக்கொண்டது? கட்டுரையில் இதுதான் விடுபட்டிருக்கிறது. ஏப்ரல் 24 அன்று ரங்கூனை விட்டுக் கிளம்பிய நேதாஜி, தன் இந்திய தேசிய ராணுவத்தின் (ஐ.என்.ஏ.) வீரர்கள் சுமார் 5,000 பேரை அங்கேயே விட்டுச் சென்றார். கொள்ளை நடக்காமல் பார்ப்பதும், அங்கிருந்த இந்தியர்களைக் காப்பதும் அவர்கள் வேலை. அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் மேஜர் ஜெனரல் லோகநாதன். நம் தமிழர், தொழிலால் மருத்துவர், அந்தமானுக்கும் பொறுப்பு வகித்தவர். பிரிட்டிஷாரிடம் சரணடையப் போகிறோம் என்று தெரிந்தே காவல் நின்ற மனிதர்கள் அவர்கள். 1942-ல் குண்டுவீச்சுக்குப் பயந்து அரக்கான் மலைப்பாதையில் நடந்தே ஊர் திரும்பிய தமிழ்க் குடும்பங்களைப் பற்றியாவது அங்கங்கே எழுதுகிறார்கள். போக வழியில்லாமல் ரங்கூனிலேயே தங்கிவிட்டவர்களுக்கு அந்தச் சில நாட்களில் லோகநாதனின் ஆட்கள்தான் துணை. அடுத்த பதிப்பிலாவது அவர் பெயரைச் சேருங்கள் ஐயா.