காசு கொடுத்ததும் பாட்டு நம்முடையதாகிவிடாது
"இசையமைப்பாளருக்குப் பணம் கொடுத்துப் புதுப்பாட்டு எழுதச் சொன்னால் முழு உரிமையும் நமக்கே" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. புகைப்படம், ஓவியம், திரைப்படம் போன்றவற்றுக்குத்தான் அந்தக் கணக்கு. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி இசைக்கு முதல் உரிமையாளர் அதை அமைத்தவர்தான் (சம்பள ஊழியர் என்றால் கதை வேறு). மயிலாப்பூரில் நாலு குரலும் ஒரு வீணையுமாகப் பாட எழுதி வாங்கினாலும் இதேதான். உரிமை வேண்டுமென்றால் அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும். அதில் காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். சிங்கப்பூரில் பாடப் போகிறவர்கள் கவனியுங்கள்! அப்புறம், பாட்டின் வரிகள் தனிச் சொத்து. பாரதி என்றால் யாரையும் கேட்க வேண்டாம். இன்றைய கவிஞர் என்றால் அவரிடமும் எழுதி வாங்குங்கள்.