சிந்துவெளி எழுத்தைப் படித்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடுமா?

சிந்துவெளி எழுத்தைப் படித்துச் சொல்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் தமிழக முதல்வர் அறிவித்தார். அதிலிருந்து 'கண்டுபிடித்துவிட்டேன்' என்று யாராவது பதிவு போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவருக்கு அது தமிழாகத் தெரிகிறது, அடுத்தவருக்குச் சமஸ்கிருதமாக. பரிசு அறிவித்தது நல்லதுதான். எழுத்தைப் படித்துவிட்டால் அந்த மக்களின் வரலாறே கையில் வந்துவிடும் என்ற எதிர்பார்ப்புதான் எனக்கு இடிக்கிறது.

கிடைத்திருப்பவை சில ஆயிரம் பொறிப்புகள். பெரும்பாலானவை தபால்தலை அளவு முத்திரைகளில் உள்ளவை. ஒரு பொறிப்பில் சராசரியாக ஐந்து குறிகள்தான். ஒரே பக்கத்தில் உள்ளவற்றில் மிக நீளமானதே 17 குறிகளோடு முடிந்துவிடுகிறது. குஜராத்தில் உள்ள சிந்துவெளி நகரமான தோலாவீராவின் கோட்டை வாயிலில் கிடைத்த அந்தப் புகழ்பெற்ற பெயர்ப்பலகையில் பத்தே பத்து. மொத்தக் குறிகள் எத்தனை என்பதிலேயே அறிஞர்களிடம் உடன்பாடு கிடையாது. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் 1977இல் கொடுத்த கணக்கு 417. ஆய்வாளர் பிரையன் வெல்ஸ் கணக்கில் 676. இது எழுத்தே இல்லை என்று 2004இல் ஃபார்மர், ஸ்ப்ரோட், விட்சல் என்ற ஆய்வாளர்கள் மூவரும் வாதிட்டார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ஜாடி போன்ற குறி திரும்பத் திரும்பப் பொறிப்பின் கடைசியிலேயே வருகிறது. வெறும் அடையாளச் சின்னங்களில் இப்படி ஓர் ஒழுங்கு ஏன் இருக்க வேண்டும்?

சரி, நாளைக்கே யாரோ படித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கிரேக்கத்தின் லீனியர் பி எழுத்தை 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்தார். மொழி பழைய கிரேக்கம் என்று தெரியவந்தது. பெரிய வெற்றி, மறுக்கவே முடியாது. ஆனால் அந்தக் களிமண் பலகைகளில் இருந்ததெல்லாம் ஆடு எத்தனை, எண்ணெய் எவ்வளவு, யாருக்கு எவ்வளவு தானியம் என்ற அரண்மனைக் கணக்கு. கதையோ பாட்டோ ஒன்றுகூட இல்லை. இத்தனைக்கும் அந்தப் பலகைகள் சிந்துவெளி முத்திரைகளைவிட எவ்வளவோ நீளமானவை. ஐந்து குறிகளில் ஓர் ஆள் பெயர், ஒரு பதவி, மிஞ்சினால் ஒரு சரக்கு. மொழி எது என்று தெரியலாம். அது திராவிட மொழியாக இருந்தால் முதலில் துள்ளுவது நானாகத்தான் இருப்பேன். ஆனால் மொகஞ்சதாரோவில் பெருங்குளத்தை எதற்குக் கட்டினார்கள் என்று எந்த முத்திரையும் சொல்லப்போவதில்லை.

இன்னொரு பக்கம், தெரிந்ததாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும் விஷயங்கள். 'தானியக் களஞ்சியம்' என்று பாடப்புத்தகத்தில் படித்தோமே, மொகஞ்சதாரோவின் அந்தக் கட்டடத்தில் தானியம் சேமித்ததற்கான தடயமே கிடைக்கவில்லை. 'பூசாரி மன்னன்' சிலை 17.5 செ.மீ. உயரம், அவர் பூசாரி என்பதற்கும் ஆதாரமில்லை, மன்னன் என்பதற்கும் ஆதாரமில்லை. அரண்மனை என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஒன்றும் இதுவரை எங்கும் அகப்படவில்லை. தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர், மொகஞ்சதாரோ தெருவில் கிடந்த எலும்புக்கூடுகளைப் பார்த்து ஆரியர் நடத்திய படுகொலை என்று ஒரு கதை கட்டினார். அவை வெவ்வேறு காலத்தவை என்று 1964இல் இன்னொரு தொல்லியலாளர் ஜார்ஜ் டேல்ஸ் எடுத்துக்காட்டினார். கதை மட்டும் இன்றும் வாட்ஸ்அப்பில் நலமாக இருக்கிறது.

மரபணு விஷயமும் இதே நிலைதான். ஹரியானாவில் உள்ள சிந்துவெளி நகரமான ராகிகரியில் அறுபதுக்கும் மேற்பட்ட மாதிரிகளை ஆராய்ந்து, போதுமான டிஎன்ஏ தேறியது ஒரே ஒரு பெண்ணிடமிருந்து. 2019இல் அந்த ஆய்வு வெளியானதும், ஆரியர் வெளியிலிருந்து வந்தார்கள் என்பவர்கள், வரவில்லை என்பவர்கள் என இரண்டு அணியும் வெற்றி விழா கொண்டாடின! அந்தப் பெண்ணிடம், ஆரியரோடு தொடர்புபடுத்தப்படும் யூரேசியப் புல்வெளி மேய்ச்சல் மக்களின் மரபுக்கூறு தென்படவில்லை. முக்கியமான தகவல்தான். ஆனால் பல லட்சம் பேர், பல நூறு ஆண்டுகள் வாழ்ந்த நாகரிகத்துக்கு அவர் ஒருவர்தான் சாட்சியா?

ஹரப்பாவின் செங்கற்களை 19ஆம் நூற்றாண்டில் லாகூர் - முல்தான் ரயில்பாதைக்காக அள்ளிக்கொண்டு போனார்கள். அது திரும்பாது. மொகஞ்சதாரோவின் அடி அடுக்குகள் நிலத்தடி நீருக்குள் கிடக்கின்றன. சோலிஸ்தான் பாலைவனத்தில் கன்வேரிவாலா என்ற பெரிய நகரமே இருக்கிறது. அங்கே இன்னும் முழு அளவில் அகழாய்வு நடக்கவில்லை. அது பாகிஸ்தானில் இருப்பதால் நம் ஆய்வாளர்கள் போய்த் தோண்டவும் வழியில்லை. என்னைக் கேட்டால், பரிசுத் தொகையைவிடப் பெரிய தொகை இரு நாடுகளும் சேர்ந்து தோண்டும் ஒரு திட்டத்துக்குப் போக வேண்டும். இன்றைய அரசியலில் நடக்காது என்று தெரியும். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.